ஓத மாதிரி எங்கே தவறுகிறது? ராமநாதபுரம் முகத்துவாரங்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு சரிபார்ப்பு

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஓதத்தையும் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது) அதன் நீரோட்டத்தையும் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்க்கிற மாணவர்களும் பொறியாளர்களும் திரும்பத் திரும்ப ஒரே வகைப் பழுதுகளோடு என்னிடம் வருகிறார்கள். ஆற்றங்கரை, காரங்காடு, மூக்கையூர், பாம்பன் என்று இடம் மாறும், பழுது மாறாது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வேலையை முன்பே செய்து முடித்திருப்பார்கள். கடலடி உராய்வு எண்ணைக் கூட்டியும் குறைத்தும், அளந்த கோட்டோடு கணித்த கோட்டை எப்படியோ பொருத்தி வைத்திருப்பார்கள். அந்தப் பொருத்தம் அடுத்த மாதத் தரவில் குலைந்துவிடும்.

இந்தக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் பத்து மீட்டரை நெருங்கும். அங்கே 20 சென்டிமீட்டர் தவறு ஒரு பொருட்டே இல்லை. பாக் விரிகுடாவில் அதே 20 சென்டிமீட்டர் ஓதத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். வேறு ஊர்களில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய மட்டக் குழப்பம், நேரக் குழப்பம், காற்று ஆகியவை இங்கே ஓதத்துக்குச் சமமான பெரிய விஷயங்கள். எனவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நேரம், அடுத்து மட்டம், அடுத்து ஆழம், அதன்பின் காற்று என்று பாருங்கள். உராய்வைக் கடைசியில்தான் தொட வேண்டும். டெல்ஃப்ட்3டி, டெலிமாக், அட்சர்க், மைக் 21 என எந்த மென்பொருளானாலும் வரிசை இதுதான்.

தொடங்குமுன் கையில் ஓர் அளவீடு இருக்க வேண்டும். படகுத்துறைத் தூணில் அளவுகோலைக் கட்டி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை 25 மணி நேரம் படித்துக் குறித்தால்கூடப் பாதிப் பழுதுகளைக் கண்டுபிடித்துவிடலாம். அழுத்தமானியை நீருக்குள் இரண்டு வாரம் போட்டு வைக்க முடிந்தால் மிக நல்லது. அந்த அழுத்தத்திலிருந்து காற்றழுத்தத்தைக் கழிக்க மறக்காதீர்கள். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தமே நாளுக்கு இருமுறை சுமார் மூன்று ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஒரு சென்டிமீட்டர் நீர். கழிக்காமல் விட்டால் அது சூரிய ஓதம் போலவே வேடமிட்டு உங்கள் தரவுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

## அறிகுறி: கணினி ஓட்டம் நடுவில் வெடித்து நின்றுவிடுகிறது

எந்தக் கட்டத்தில் (மாதிரி கடலைப் பிரித்திருக்கிற சிறு சதுரங்களில் எதில்), எந்த நேரத்தில் நின்றது என்று பதிவுக் கோப்பில் பாருங்கள். மூன்று கிளைகள்தான் உண்டு.

### ஒவ்வொரு முறையும் ஒரே கட்டத்தில் நிற்கிறது

அந்தக் கட்டத்தின் ஆழத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்துக் கட்டத்தில் 2 மீட்டர், இதில் 40 மீட்டர் என்றிருந்தால் தரவுப் புள்ளி தவறு. ஜெப்கோ என்கிற உலகக் கடலடித் தரவில் கடலடி எதிர்மறை எண்ணாக இருக்கும். டெல்ஃப்ட்3டி ஆழத்தை நேர்மறையாகக் கேட்கும். இரண்டு தரவுகளை ஒட்டும்போது ஒன்றின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. தீவுகளைச் சுற்றி இது உடனே தெரியும்: தீவு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருக்கும்.

### தொடங்கிய சில நிமிடங்களிலேயே எல்லையோரம் நிற்கிறது

மாதிரிக்குள் நீர் அசையாமல் சுழியத்தில் இருக்க, மாதிரியின் விளிம்பான எல்லையில் ஓதம் திடீரென்று 30 சென்டிமீட்டரில் தொடங்குகிறது. எல்லை மதிப்பைச் சுழியத்திலிருந்து சில மணி நேரத்தில் மெல்ல உயர்த்துங்கள். முதல் சில நாட்களின் விளைவை எந்த ஒப்பீட்டிலும் சேர்க்க வேண்டாம்.

### தெற்கே ஆழ்கடல் பக்கம் நிற்கிறது

மன்னார் வளைகுடாவின் தென்பகுதி ஆயிரம் மீட்டரைத் தாண்டி ஆழ்ந்து போகிறது. அங்கே ஓத அலை வினாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் ஓடும். பாம்பன் அருகே 4 மீட்டர் ஆழத்தில் வேகம் வினாடிக்கு ஆறு மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எனவே உங்கள் கணக்கீட்டின் கால இடைவெளியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாம்பன் அல்ல, அந்த ஆழ்கடல் மூலைதான். 500 மீட்டர் கட்டமாக இருந்தால் வெளிப்படைக் கணக்கீட்டு முறைக்கு (முந்தைய கணத்தின் மதிப்புகளை மட்டும் வைத்து அடுத்ததைக் கணிப்பது) 5 வினாடிதான் உச்சம். அங்கே கட்டங்களைப் பல கிலோமீட்டருக்குப் பெரிதாக்குங்கள். யாரும் அங்கே நுணுக்கம் கேட்கப் போவதில்லை.

## அறிகுறி: ஓதத்தின் வடிவம் சரி, நேரம் தவறு

### எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருக்கிறது

ஐந்தரை மணி நேரமா என்று பாருங்கள். உலக ஓதத் தரவுகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். நம் அளவுகோலைப் படித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருப்பார். ஓதத்தை நிலவும் சூரியனும் எழுப்பும் தனித்தனி அலைகளாக, அதாவது ஓதக் கூறுகளாகப் பிரித்து ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. எம்2 (நிலவின் அரைநாள் கூறு) கட்டக்கோணத்தில் சுமார் 159 பாகையும், எஸ்2-வில் (சூரியனின் அரைநாள் கூறு) 165 பாகையும், கே1-இல் (ஒருநாள் கூறு) 83 பாகையும் ஒரே திசையில் தள்ளியிருந்தால், அது ஐந்தரை மணி நேரமேதான். வேறு எங்கும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஐந்தரை மணி நேரம் தள்ளிய எம்2 கோடு ஏறத்தாழத் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் குறியை மாற்றி "சரிசெய்து" விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எம்2 ஓரளவு பொருந்தும், கே1 பொருந்தவே பொருந்தாது. பத்து நாளில் அம்பலமாகும்.

### கடலில் சரி, உப்பங்கழிக்குள் போகப்போகத் தள்ளுகிறது

முகத்துவாரத்தின் குறுகிய தொண்டைப் பகுதியைப் பாருங்கள். கழிக்குள் ஓதம் நிஜத்தைவிட முந்தி வந்தால், மாதிரியில் வாய் அகலமாகவோ ஆழமாகவோ இருக்கிறது. பிந்தி வந்தால் ஒடுங்கியிருக்கிறது. தொண்டைக்குக் குறுக்கே குறைந்தது ஐந்து கட்டங்கள் இருக்க வேண்டும். எட்டு இருந்தால் நிம்மதி. 30 மீட்டர் அகல வாயை 50 மீட்டர் கட்டம் ஒன்றால் நிரப்பிவிட்டு உராய்வோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை.

## அறிகுறி: முழுக் கோடும் ஒரே அளவு மேலே அல்லது கீழே நிற்கிறது

இந்தக் கரையில் என்னிடம் வருகிற பழுதுகளில் பாதி இந்த வகைதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

### முதலில்: எத்தனை சுழியங்கள்?

உயரத்தையோ ஆழத்தையோ எண்ணத் தொடங்கும் மட்டமே சுழியம். தேசிய நீர்வரைவியல் அலுவலகத்தின் கடல் வரைபடத்தில் ஆழம் என்பது வரைபட அடிமட்டத்திலிருந்து கீழே அளந்தது. அந்த மட்டம் தாழ் ஓதத்தை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். இந்திய நில அளவைத் துறையின் நிலைக்குறிகள் (உயரம் அளந்து குறித்த அடையாளங்கள்) சராசரிக் கடல்மட்டத்தைச் சார்ந்தவை. ஜிபிஎஸ் கருவி தருவதோ பூமியின் வடிவமாகக் கணக்கில் கொள்ளும் நீள்வட்டப் பரப்பிலிருந்து எண்ணிய உயரம். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் அருகே புவியீர்ப்பு மட்டம் (புவிமட்டம்; சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டியது) அந்தப் பரப்பைவிட மிகவும் தாழ்ந்து கிடக்கிறது. ராமேஸ்வரம் கடற்கரையில் நின்றால் ஜிபிஎஸ் மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். அந்தத் தவறு பெரியதாக இருப்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற்றுவது அடுத்தது: திருத்தத்துக்குப் பயன்படுத்திய புவிமட்ட மாதிரி பழையதா புதியதா என்பதால் வரும் சில பத்து சென்டிமீட்டர் வேறுபாடு. அது நம் ஓதத்தின் அளவே இருக்கிறது.

சோதனை எளிது. ஒரு தாளை எடுத்து, பயன்படுத்திய ஒவ்வொரு தரவுக்கும் எதிரே அதன் சுழியம் எது என்று எழுதுங்கள். ஒரு வரியாவது காலியாக இருந்தால் பழுது அங்கேதான். வரைபட ஆழங்களைச் சராசரிக் கடல்மட்டத்துக்கு மாற்றும்போது அந்த வேறுபாட்டைக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. வாங்கிய வரைபடத்திலேயே அருகிலுள்ள துறைமுகத்தின் ஓத மட்டங்கள் சிறு அட்டவணையாக அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள்.

### சுழியங்கள் சரி, ஆனாலும் சில மாதங்களில் மட்டும் தள்ளுகிறது

சராசரிக் கடல்மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம் கிழக்குக் கரையில் உயர்ந்தும், கோடைத் தொடக்கத்தில் தாழ்ந்தும் இருக்கும். எல்லையில் வெறும் ஓதக் கூறுகளை மட்டும் கொடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் மாதிரிக்குள் வராது. ஒரு மாத ஓட்டம் என்றால் அந்த மாதத்தின் சராசரியை எல்லையில் கூட்டிவிடுங்கள். ஆண்டு ஓட்டம் என்றால் செயற்கைக்கோள் உயரமானித் தரவையோ கடல் சுழற்சி மாதிரியின் மட்டத்தையோ எல்லையில் சேர்க்க வேண்டும்.

### ஒரு சில நாட்கள் மட்டும் தள்ளுகிறது

காற்று. பாக் விரிகுடா ஆழமற்றது; பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வாடை (வடகிழக்குக் காற்று) விடாமல் வீசி, நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு 8 மீட்டர் ஆழ நீரைத் தள்ளினால், நீர் ஒதுங்கும் முனையில் மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரும். புயல் நாட்களில் காற்றழுத்தம் குறைவதும் சேரும். காற்றையும் அழுத்தத்தையும் கொடுத்து மீண்டும் ஓட்டுங்கள்.

### நிபுணரை அழைக்கும் இடம்

அருகில் நிலைக்குறி எதுவும் கிடைக்கவில்லை அல்லது கிடைத்த இரண்டு நிலைக்குறிகளும் ஒத்துப்போகவில்லை என்றால், உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு மட்டம் கடத்திவிடுங்கள். ஒரு நாள் வேலை, அதிகச் செலவில்லை. இதைத் தள்ளிப்போட்டுவிட்டு மாதக்கணக்கில் கணினியை ஓட்டுவதுதான் உண்மையான செலவு.

## அறிகுறி: பாம்பன் கால்வாயில் நீரோட்டம் எதிர்த்திசையில் ஓடுகிறது

பாம்பனில் படகு ஓட்டுகிறவர் எவரையும் கேளுங்கள். சோழகமும் கச்சானும் (தென்மேற்குப் பருவக் காற்றுகள்) வீசும் மாதங்களில் நீர் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்கு ஏறும். வாடை மாதங்களில் வடக்கேயிருந்து தெற்கே இறங்கும். ஓதம் அதன்மேல் கூடியும் குறைந்தும் ஓடுகிறது. மாதிரி இதற்கு மாறாகக் காட்டினால் மாதிரிதான் தவறு. கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

### காற்றின் திசைக் குறி

வானிலையாளர் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்வார். கடலியலாளர் நீரோட்டம் எங்கே போகிறது என்று சொல்வார். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் 180 பாகை திரும்பிவிடும். சோழக மாதமொன்றின் காற்று அம்புகளை வரைபடத்தில் இட்டுப் பாருங்கள். அவை வடகிழக்கை நோக்கியிருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

### காற்றே கொடுக்கப்படவில்லை

ஓதம் மட்டும் கொடுத்த மாதிரியில் பாம்பனில் நீர் போய்வந்துகொண்டே இருக்கும். மாதக் கணக்கில் நிகர ஓட்டம் சொற்பமாகத்தான் வரும். அந்த விளைவை வைத்து மீன்முட்டைகளோ சகதியோ எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்லக் கூடாது. காற்று கொடுக்கும்போதும் ஓர் எச்சரிக்கை. ஈஆர்ஏ5 போன்ற மறுபகுப்பாய்வுத் தரவின் (பழைய வானிலை அளவீடுகளை மாதிரியோடு சேர்த்து மீளக் கணித்தது) ஒரு கட்டம் கால் பாகை, அதாவது சுமார் 28 கிலோமீட்டர். பாம்பன் தீவின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிப்போகும். நிலமும் கடலும் கலந்த அந்தக் கட்டத்தில் காற்று உண்மையைவிட வலுக்குறைந்து தெரியலாம். பாம்பன் வானிலை நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

### ஒரு பக்க எல்லை

மண்டபத்துக்குத் தெற்கே சுவர் வைத்து, பாக் விரிகுடாவை மட்டும் எடுத்துக்கொண்ட மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். பாம்பன் ஓட்டத்தை இழுப்பது இரு கடல்களின் மட்ட வேறுபாடு. ஒரு கடலை வெட்டி எறிந்துவிட்டால் இழுப்பதற்கு எதுவுமில்லை. வடக்கு எல்லையைக் கோடியக்கரைக்கு வெளியேயும், தெற்கு எல்லையைத் தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கற்பிட்டிக்குப் போகும் கோட்டுக்குத் தெற்கேயும் வையுங்கள். உலக ஓத மாதிரிகள் ஆழமான திறந்த கடலில் நம்பத்தக்கவை. பாக் விரிகுடாவின் உள்ளே அவற்றை எல்லையாக வைக்கக் கூடாது. அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள மணல்திட்டுகளையும் அடைத்துவிடாதீர்கள். அங்கேயும் இடைவெளிகளில் நீர் கடக்கிறது.

### கால்வாயின் வடிவம்

ஜெப்கோவின் கட்டம் சுமார் 450 மீட்டர். பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும் நீளம் என்றாலும், அதன் கீழே பெரும்பகுதி பாறைப் பரப்பு. கப்பல் போகும் வழி மிகக் குறுகியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் கப்பலுக்காக மேலேறும் பகுதியே 72.5 மீட்டர்தான். 450 மீட்டர் கட்டம் பாறையையும் வழியையும் சராசரியாக்கி, ஓட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். இங்கே 20 மீட்டர் அளவுக்குக் கட்டங்களைச் சிறிதாக்கி, கடல் வரைபட ஆழங்களைக் கையால் இடுங்கள். 1914 ரயில் பாலம் (தூண்கள் இன்னும் இருந்தால்), 1988 சாலைப் பாலம், புதிய பாலம் ஆகியவற்றின் தூண்களையும் கூடுதல் தடையாகச் சேர்க்கலாம். வழியின் வடிவம் சரியாகாத வரை தூண்களைச் சேர்த்துப் பயனில்லை.

### நிபுணரை அழைக்கும் இடம்

இவ்வளவுக்குப் பின்னும் வேகம் பொருந்தவில்லையென்றால் எதிரொலி ஆழமானியும் ஒலி டாப்ளர் நீரோட்டமானியும் தேவை. பாம்பனில் அவற்றைத் தனியாள் போடக் கூடாது. ரயில் பாலம், கப்பல் வழி, கடற்படை, மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அனுமதி கேட்க வேண்டிய இடங்கள் பல. சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஐஐடி மெட்ராஸின் கடல் பொறியியல் துறை போன்றவற்றின் துணையோடு போவதே சரி.

## அறிகுறி: கழிக்குள் ஓதம் மிகச் சிறியதாக வருகிறது

கையால் ஒரு கணக்குப் போடுங்கள். கழியின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர், உள்ளே ஏற்றம் 40 சென்டிமீட்டர் என்று வையுங்கள். உள்ளே புகவேண்டிய நீர் நான்கு லட்சம் கனமீட்டர். ஆறேகால் மணி நேரத்தில் அது வர வேண்டுமானால் சராசரி வினாடிக்கு 18 கனமீட்டர், உச்சத்தில் 28. தொண்டையின் குறுக்குவெட்டு 40 சதுர மீட்டர் என்றால் உச்ச வேகம் வினாடிக்கு 0.7 மீட்டர். உங்கள் கழியின் எண்களைப் போட்டு, மாதிரியின் வேகத்தோடு ஒப்பிடுங்கள். களத்திலும் பார்க்கலாம்: வாயின் கரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்புகள் நட்டு, முக்கால்வாசி நீர் நிரப்பிய பாட்டிலை மிதக்கவிட்டு நேரம் எடுங்கள். நீர் நிரப்பினால் காற்று அதைத் தள்ளாது.

### வேகமும் குறைவு, ஓதமும் குறைவு

தொண்டை அடைபட்டிருக்கிறது. ஆழத் தரவு எந்த மாதத்தில் எடுத்தது என்று பாருங்கள். நம் சிறு முகத்துவாரங்கள் மழைக்காலத்தில் திறந்து, வறண்ட மாதங்களில் மணல் மேடிட்டுக் குறுகும். சில மூடியே போகும். கோடையில் அளந்த வாயை வைத்துக்கொண்டு நவம்பர் ஓதத்தைக் கணக்கிட முடியாது.

### வேகம் சரி, ஓரச் சேற்றுப்பரப்பில் மட்டும் நீர் ஏறவில்லை

ஈரம்–வறட்சி வரம்பைப் பாருங்கள்; எத்தனை ஆழ நீர் இருந்தால் ஒரு கட்டத்தை ஈரமாக எண்ணுவது என்கிற அளவு அது. டெல்ஃப்ட்3டியில் அது இயல்பாக 10 சென்டிமீட்டர். பெரிய ஓதக் கடலுக்கு அது போதும். 40 சென்டிமீட்டர் ஓதத்தில் கால்பங்கை அந்த ஓர் எண் தின்றுவிடுகிறது. 2 முதல் 5 சென்டிமீட்டருக்குள் இறக்கி, கால இடைவெளியையும் சேர்த்துக் குறையுங்கள்.

### எல்லாம் சரி, இன்னும் சற்றே பொருந்தவில்லை

இப்போது உராய்வைத் தொடலாம். உராய்வைக் குறிக்கும் மேனிங் எண் வெறும் மணலுக்கு 0.02 முதல் 0.025 வரை. தொண்டி முதல் மண்டபம் வரை கடல்தாழைகள் (கடற்புற்கள்) படர்ந்த பரப்புகளுக்கு 0.03, 0.04 என்று கூட்டலாம். காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் 0.1-க்கு மேலும் போகலாம். கடலடி முழுவதற்கும் ஒரே எண் வைக்க வேண்டாம். நியாயமான இந்த எல்லைகளைத் தாண்டினால்தான் கோடு பொருந்துகிறது என்றால், பழுது உராய்வில் இல்லை. மேலே திரும்பிப் போங்கள்.

## அறிகுறி: நீர் ஏறக்கூடாத இடத்தில் ஏறுகிறது

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்கள் மாதிரியில் தினமும் முழுகினால், வரப்புகள் விட்டுப்போயிருக்கின்றன. 30 மீட்டர் செயற்கைக்கோள் நில உயரத் தரவுக்கு ஒரு மீட்டர் அகல வரப்பு தெரியாது. அதன் உயரப் பிழையே சில மீட்டர். பாத்தி வரப்புகளையும் சாலை மேடுகளையும் தடுப்புக் கோடுகளாகக் கையால் இடுங்கள்.

ஆற்று முகத்துவாரத்தில் ஏறினால் ஆற்று வரத்தைப் பாருங்கள். வைகைக்கு ஆண்டு முழுவதும் ஒரே வரத்தைக் கொடுத்திருப்பார்கள். வைகை நீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் தேங்கி, மிஞ்சியதுதான் ஆற்றங்கரை அருகே கடலுக்கு வருகிறது. பெரும்பாலான மாதங்களில் அந்த எல்லை சுழியமாக இருப்பதே உண்மைக்கு அருகில்.

## அறிகுறி: ஒரு வாரம் பொருந்துகிறது, அடுத்த வாரம் பொருந்தவில்லை

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சரியாகவும், அட்டமியை ஒட்டித் தவறாகவும் வந்தால் எஸ்2 கூறு விட்டுப்போயிருக்கிறது அல்லது தவறாக இருக்கிறது. எம்2-வையும் எஸ்2-வையும் பிரிக்க 15 நாள் அளவீடாவது வேண்டும். ஒரு வாரத் தரவில் பிரித்து எடுத்தவை நம்பத்தக்கவை அல்ல. நிலவின் நிலைக்கும் பிழைக்கும் தொடர்பே இல்லை என்றால் காற்றைப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் முகத்துவாரமே நகர்ந்திருக்கும். கடற்கரைக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, புதிய வாயோடு ஓட்டுங்கள்.

ஒரு வேலையை மட்டும் மாதிரி எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் நீங்களாகச் செய்யக் கூடாது. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி உயர் ஓதக் கோட்டைக் குறிக்க அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுக்கே உரிமை. தூண்டில் வளைவோ தடுப்புச் சுவரோ கட்டப்போகிற இடத்துக்கும் உங்கள் மாதிரியைக் கடலோரப் பொறியாளர் ஒருவர் மறுபடி ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவரிடம் போகும்போது வண்ணப் படங்களைவிட முன்பு எழுதிய சுழியங்களின் தாளையும், ஆழம் அளந்த தேதிகளையும் முதலில் கொடுங்கள். அவர் கேட்கப்போகும் முதல் இரண்டு கேள்விகள் அவைதான்.